பதிமூன்றாம் எண் ஸ்லைடு

சுனில்தாவுக்கு மனித முகம் மனதில் தங்காது. சந்தையில் மீன்காரி வாய் நிறையச் சிரித்து நலம் விசாரிப்பாள். இவள் மரவள்ளிக் கிழங்கைப் புரட்டிக்கொண்டே ‘ம், ம்’ என்பாள். பத்தடி தள்ளி வந்ததும் என் காதைக் கடிப்பாள்.

“யாருடி அது?”

“உன் சொந்தச் சித்தி மக.”

“அப்படியா? இளைச்சுட்டாளோ?”

“பதினஞ்சு வருஷமா அதே உடம்புதான்.”

ஆஸ்பத்திரி வேலைத் திமிர் என்று எங்கள் ஊர் இசப்பித்துறை முழுக்கப் பேச்சு. திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைத்திருப்பவளுக்கு, வெளியே வந்தால் மனிதர்கள் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிகிறார்கள் என்று நினைக்கிறேன். அதே மீன்காரியோ வேறு எவளோ, கர்ப்பப்பை வாயில் செல் தடவி எடுத்த ஸ்லைடைக் கொடுத்துப் பாருங்கள். பெயரை மறைத்து எண்ணை மட்டும் ஒட்டிக் கொடுத்தாலும், “இவ கைப்புள்ளைக்குப் பால் குடுக்குறா”, “இவளுக்கு மாசத்துல இருபதாம் நாளு”, “இவளுக்குத் தீட்டு நின்னு பத்து வருஷமாவது ஆச்சு” என்று புட்டுப் புட்டு வைப்பாள்.

நான் பெத்ரோனா. அவளுக்கு எதிர்மேசை. வருகிற பெண்களின் பெயரை ஏட்டில் எழுதுவது, ஸ்லைடுக்கு எண் ஒட்டுவது, அவள் சொல்லச் சொல்ல அறிக்கையைத் தட்டச்சு செய்வது, கையெழுத்துக்கு அனுப்புவது, இவ்வளவும் என் வேலை. வராத பெண்களைத் திட்டுவதும் என் வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இது நடந்தபோது இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் இருவரும் ஒரே மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும்.

சுனில்தா ஒரு படகோட்டியின் மகள். இருபத்து மூன்று வயதில் தலைநகரத்துக்குப் போய், செல் பார்த்து நோய் சொல்லும் படிப்பைப் படித்துவிட்டு, அங்கேயே வேலை கொடுக்கிறோம் என்றவர்களிடம், “எங்க ஊர் ஆத்துல குளிக்காம எனக்குத் தூக்கம் வராது” என்று சொல்லித் திரும்பி வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “பொண்ணு பாக்க வந்தவன் மூஞ்சி மறந்துபோச்சு, மறுபடி வந்தப்ப வேற யாரோன்னு நெனச்சு அனுப்பிட்டேன்” என்பாள். பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

அவள் ஸ்லைடு படிப்பதைப் பார்க்க வேண்டும். மேல் ஓரத்தில் தொடங்கி இடமிருந்து வலம் ஒரு கோடு, ஒரு படி இறங்கி வலமிருந்து இடம் ஒரு கோடு. ஒரு மூலை விடமாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. அந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் தலை நிமிராது. பத்து ஸ்லைடு முடிந்ததும் எழுந்து ஜன்னல் அருகே போய், ஆற்றின் அக்கரையில் மேயும் மாடுகளை எண்ணுவாள். கண்ணுக்கு ஓய்வாம்.

அந்த இடைவேளையில்தான் எங்கள் தெரேரே என்ற குளிர்பானம். புதினாவும் எலுமிச்சைப் புல்லும் இடித்துப் போட்ட பனித் தண்ணீரை, மாட்டுக் கொம்புக் குவளையில் இருக்கும் இலைத்தூள் மேல் ஊற்றுவது சின்னவள் வேலை. நான் அவளைவிட மூன்று வயது சின்னவள், ஆகவே அப்போது ஐம்பத்து நான்கு வயதிலும் ஊற்றியவள் நானே. நான் ஊற்றித் தருவேன், அவள் உறிஞ்சிவிட்டுக் குவளையைத் தருவாள், நான் குடிப்பேன், மறுபடி அவளுக்கு. நாலாவது சுற்றில் குவளையை நீட்டி, “நன்றி” என்பாள். இனி ஊற்றாதே, போதும் என்று அர்த்தம். எங்கள் ஊரில் நடுவில் நன்றி சொன்னவருக்கு அடுத்த சுற்று கிடையாது. உடனே திரும்பிப் போய்க் கண்ணை ஒட்டிவிடுவாள்.

எனக்குப் பாடம் நடத்த அவள் ஆசைப்பட்டதில்லை. நானும் அந்த மைக்ராஸ்கோப் குழாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை. பயம் என்று வையுங்களேன். ஆனால் அவள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரியும். இளம்பெண்ணின் செல் பெரிதாக, தட்டையாக, ஓரம் மடிந்து இருக்கும். நடுவில் மிளகளவு உட்கரு. தீட்டு நின்றவளுடையது சின்னது, உருண்டை, உட்கரு அதில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். கெட்டது என்றால் உட்கரு கட்டுக்கடங்காமல் வீங்கி, மையைக் கொட்டியதுபோல் கறுத்து, ஒன்று போல் ஒன்று இல்லாமல் இருக்கும். “உட்கருவப் பாரு. மத்ததெல்லாம் அது போட்டிருக்கற உடுப்பு” என்பாள் சுனில்தா.

இத்தனை தெரிந்தவள் ஏன் பதினொரு வருடம் சோதனைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள்.

“ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் வராங்க. எதிர்மேசைக்காரி வரமாட்டேங்கறா. வெளிய சொன்னா வெக்கக்கேடு.”

“எனக்கென்ன கேடு? மலை மாதிரி இருக்கேன்.”

“மலைன்னு நீ சொல்ற. உள்ள இருக்கறது சொல்லணுமே.”

“என் உள்ள இருக்கறதப் பாத்துட்டு, அப்புறம் என் கையால தெரேரே குடிப்பியா நீ?”

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் காரணமே அதுதான். நர்ஸ் எடுத்தால் என்ன, யார் எடுத்தால் என்ன, கடைசியில் கண்ணை ஒட்டி வைத்து என்னைப் பார்க்கப்போகிறவள் இவள். நினைத்தாலே உடம்பு கூசியது.

பதினோராவது வருடம், ஒரு மார்ச் மாதம், அவள் தொல்லை தாங்காமல் போனேன். போவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மூலிகை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, உள்ளே வரைக்கும் நன்றாக ஊற்றிக் கழுவிக்கொண்டேன். கோயிலுக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போடுகிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. ‘சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே எதையும் ஊற்றிக் கழுவக் கூடாது’ என்று ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவளே நான்தான். அது மற்றவர்களுக்கு என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. செல் தெளிவாகத் தெரியப் போடும் சாயம் தலைநகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேரவேண்டும், அதனால் வாரம் ஒரு முறைதான் சாயம் போடுவோம். இருபது ஸ்லைடுகளை ஒரே தட்டில் வரிசையாக நிறுத்தி, நீல ஜாடி, ஆரஞ்சு ஜாடி, பச்சை ஜாடி என்று சேர்த்து முக்கி எடுப்பது. வரிசையை எழுதுவது நான். என்னுடையது பதிமூன்றாம் எண். பக்கத்தில் பதினாலு, பஸ் நிலையத்தில் சீபா ரொட்டி விற்கும் நிமியாவுடையது.

சுனில்தா அன்று எண் வரிசையெல்லாம் பார்க்கவில்லை, முதலில் என்னுடையதை எடுத்தாள். நான் தட்டச்சு செய்வதுபோல் வெறுந்தாளில் தட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனதாகத் தோன்றியது. நிமிர்ந்தாள்.

“ஒண்ணும் இல்லடி, கழுதை. நல்லாத்தான் இருக்க.”

என் அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். ‘இயல்பு.’ இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் பதினாலாம் எண்ணில் அவள் கை நின்றது. ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடி மேல் மூன்று மைப்புள்ளி வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்விக்குறி போட்டு அதில் சுற்றினாள். அதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றது. மேற்கே கிராமத்தில் அவளுடைய தம்பி எலாதியோ, வயலில் மின்னல் தாக்கிச் செத்துப்போயிருந்தான். போட்டது போட்டபடி கிளம்பினாள். எங்கள் வழக்கப்படி சாவுக்கு ஒன்பது நாள் பிரார்த்தனை. உடன்பிறந்தவள் நடுவில் எழுந்து வர முடியாது.

மறுநாள் டாக்டர் வெரோன் வந்தார். அவர் தலைநகரத்து ஆள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்து, சுனில்தா சந்தேகப்பட்டு எடுத்து வைத்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியப் பஸ்ஸைப் பிடிப்பார். சின்ன வயது, நல்ல மனிதர், ஆனால் கால் எப்போதும் வாசல் பக்கம் இருக்கும்.

“கேள்விக்குறி எதுக்கு? இதுல என்ன கேள்வி?” என்றார். “தெளிவா இருக்கே. புற்றுதான்.”

“சுனில்தா வந்து ஒரு தடவை பாக்கட்டுமே டாக்டர்.”

“வியாதி அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்குமா பெத்ரோனா அம்மா?”

செல் எதுவென்று அவர் சரியாகவே சொன்னார். அது யாருடையது என்று கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நிமியாவிடம் சொன்னவள் நான். இருபத்தாறு வயது, கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. போன டிசம்பரில்தான் பிள்ளை வரம் கேட்டு மாதா கோயிலுக்குப் பதினெட்டு மைல் நடந்து போய் வந்திருந்தாள். ரொட்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைநகரத்தில் ஆபரேஷன், வருகிற மாதம் முதல் வியாழன், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள், உயிருக்குப் பயமில்லை என்றேன்.

“அப்போ புள்ளை?” என்றாள்.

நான் கூடையைப் பார்த்தேன். அவளும் கூடையைப் பார்த்தாள். பிறகு ஒரு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். “சூடா இருக்கு அக்கா, சாப்பிடுங்க” என்று எழுந்து போனாள்.

ஒன்பது நாள் முடிந்து சுனில்தா ஒரு திங்கட்கிழமை வந்தாள். கறுப்புப் பாவாடை, கண்ணெல்லாம் வீக்கம். நான் இலைத்தூளை எடுப்பதற்குள் அறிக்கைக் கோப்பைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

“பதினாலுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?”

“டாக்டர்தான். கேள்விக்குறியக் காட்டினேன், கேக்கல.”

“எப்ப ஆபரேஷன்?”

“அடுத்த வாரம் வியாழன்.”

அவள் ஸ்லைடை எடுத்து உட்கார்ந்தாள். அன்று மாடு எண்ணவில்லை, தெரேரே குடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தாள். அவள் தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது வரும் மெல்லிய குரல்.

“திருக அசைச்சா, கெட்ட செல்லு தெளிவா வருது. அப்ப இவ செல்லெல்லாம் மங்கிடுது. இவளத் தெளிவாக்கினா, அது மங்குது. ஒரே மட்டத்துல இல்ல. அது இவ மேல வந்து விழுந்து கெடக்குது. அன்னைக்கே அப்படித்தான் பட்டுச்சு, அதான் கேள்விக்குறி போட்டேன்.”

“விழுந்து கெடக்குதுன்னா?”

“வேற யாரோட ஸ்லைடுலேர்ந்தோ கழண்டு, ஜாடியில மிதந்து, இதுல வந்து ஒட்டியிருக்கு. இவளோடது இல்லடி இது.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்றே விட்டேன். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“இன்னும் கேளு. இவளோட செல்லு எல்லாம் ரெண்டு முனையும் கூம்பி, ஓரம் மடிஞ்சு, உள்ள மஞ்சளா இருக்கு. தோணி மாதிரி. இந்தத் தோணி எப்ப வரும் தெரியுமா?”

தெரியாது.

“வயித்துல புள்ளை இருந்தா வரும். சத்தியமா சொல்ல மாட்டேன், ஆனா நான் பாத்த வரைக்கும் இவ்வளவு தோணி சும்மா வராது. ஓடு, அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா.”

பஸ் நிலையத்துக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நாய்கள் பின்னால் ஓடிவந்தன. நிமியா ரொட்டிக் கூடையோடு ஒரு பஸ்ஸின் படியில் நின்றிருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எங்கள் ஆய்வகத்திலேயே சிறுநீர் சோதித்தார்கள். இருந்தது.

“நாள் தள்ளிப் போச்சு அக்கா. நோயாலன்னு நெனச்சேன்” என்றாள் நிமியா. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு அழுதாள். சுனில்தா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை உற்றுப் பார்த்தாள். “உன் மூஞ்சிய மறக்கமாட்டேன், பாரேன்” என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாரிடமும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

நிமியாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். சுனில்தா மறுபடி குனிந்திருந்தாள்.

“அந்தக் கெட்ட கூட்டத்துக்கு ஓரமா நாலஞ்சு சின்ன உருண்டை செல்லும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு,” என்றாள். “அதுவும் இவளோடது இல்ல. வந்தவளோடது. தீட்டு நின்னவ.”

அப்போது அவள் குரல் மாறியது. அந்த நிமிடம் வரைக்கும் நிமியா பிழைத்தாள் என்ற சந்தோஷத்தில், அந்தச் செல்லுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவில்லை. அவளுக்கு ‘இயல்பு’ என்று நாங்கள் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

“அன்னைக்குத் தட்டுல தீட்டு நின்னவங்க யாரு யாரு?”

ஏட்டைப் பார்த்துப் படித்தேன். “மூணு, எட்டு, பதிமூணு, பத்தொன்பது.”

பதிமூணு என்னும்போது என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவள், “மூணக் கொண்டா” என்றாள். அரை மணி நேரம் பார்த்தாள். “சுத்தம். எட்டு.” அதுவும் சுத்தம். நான் பதிமூன்றை எடுத்து நீட்டினேன்.

“பத்தொன்பதக் கொண்டா,” என்றாள்.

வரிசை தவறி எதையும் படிக்காதவள், இரண்டாவது முறையாக என் விஷயத்தில் வரிசையைத் தாண்டுகிறாள். பத்தொன்பதைப் படித்து முடித்த பிறகும் நிமிராமல் வெறுமனே கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், திருகு அசையவில்லை.

“சுனி, என்னோடத எடு.”

எடுத்தாள். ஒரு கோடு, ஒரு படி, ஒரு கோடு. ஜன்னல் வழியாகப் படகின் மோட்டார் சத்தம் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“கழுவிட்டா வந்த?” என்றாள்.

“என்ன?”

“இலையோட செல்லு கெடக்குது இதுல. கெட்டியா சுவர் போட்டு, பச்சையா. மூலிகைத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்தியா?”

“ஆமா.”

“ஏண்டி? கதவுல நீதானே ஒட்டி வச்சிருக்க?”

“நீ பாக்கப்போறன்னுதான்!” என்று கத்தினேன். “வேற யாரா இருந்தா அப்படியே வந்திருப்பேன். நீ பாக்கறப்ப சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன். போதுமா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “மூலிகைப் பசையில செல்லு கண்ணாடில பிடிக்காதுடி. அதான் கழண்டு போயிருக்கு.”

கழன்றது பக்கத்தில் நின்ற பதினாலில் போய் ஒட்டியது. என் வெட்கம் போய் நிமியாவின் கர்ப்பப்பையைக் கேட்டிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. “நான் ஒண்ணு சொல்லணும். இதுல செல்லே பத்தாது. அன்னைக்கே தெரியும் எனக்கு. வேற யாரோடதா இருந்தாலும், ‘போதவில்லை, மறுபடி எடுக்கவும்’னு எழுதித் திருப்பியிருப்பேன். பதினொரு வருஷம் கெஞ்சி ஒரு தடவை வந்திருக்க. மறுபடி வான்னு சொன்னா நீ வரமாட்ட, அழுவ, என்கூடப் பேசமாட்டன்னு நெனச்சேன். இருந்த கொஞ்சத்துல ஒண்ணும் தப்பாத் தெரியல. இயல்புன்னு சொல்லிட்டேன்.”

“இப்ப?”

“இப்ப மேல மூடின கண்ணாடியோட ஓரத்துல, அத ஒட்டின பசைக்குக் கீழ, ஆறு கெட்ட செல்லு இருக்கு. அன்னைக்கு அந்த ஓரம் வரைக்கும் நான் போகல.”

மூலை விடாதவள், என் மூலையை விட்டிருக்கிறாள். என் மேல் இருந்த பாசத்தில் விட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் குவளையை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். “உன் பாசத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடு! நான் என்ன சின்னக் கொழந்தையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?” என்றேன். வந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கத்தி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “காட்டு,” என்றேன்.

முதன்முதலாக அந்தக் குழாயில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அவள் கை என் கன்னத்துக்கு அருகே வந்து திருகை லேசாக அசைத்தது. பளீரென்று ஒரு வெளிச்சம், அதில் சின்னச் சின்ன உருண்டைகள், நீலமும் பச்சையுமாக, அமைதியாக. “அதெல்லாம் நல்லது. அதெல்லாம் நீதான்,” என்றாள் சுனில்தா. பிறகு கண்ணாடி நகர்ந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நீண்ட வாலோடு, தலைப்பிரட்டை மாதிரி ஆறு. ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பு மை.

“இதுவும் நானா?”

அவள் நெற்றி என் தோளில் வந்து சாய்ந்தது. தம்பி சாவுக்கு ஒன்பது நாள் அழுதவளிடம் இன்னும் எவ்வளவு கண்ணீர் மீதி இருந்ததோ, என் சட்டைத் தோள் நனைந்துவிட்டது.

அழுது முடித்ததும், “மெஷின்ல தாளைப் போடு,” என்றாள். சொல்லச் சொல்லத் தட்டினேன். பதினாலாம் எண்ணில் காணப்படும் புற்றுச் செல்கள் வேறு நபருடையவை, மேற்படிப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், ஆபரேஷனை நிறுத்தவும். பதிமூன்றாம் எண்ணின் முதல் அறிக்கை தவறு. செல்கள் போதாது என்று தெரிந்தும் இயல்பு என எழுதியவர் சுனில்தா.

“கடைசி வரி வேண்டாம். உன் வேலைக்கு உலை வச்சிரும்,” என்றேன்.

“அடிடி.”

“பூசி மெழுகிக்கலாம், சுனி. கைத்தவறுன்னு போடறேன்.”

“இருபத்திரண்டு வருஷமா நான் சொன்னதுல ஒரு புள்ளி மாத்தினதில்ல நீ. இன்னைக்கும் மாத்தாத.”

அடித்தேன்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் மூன்று பேரும் தலைநகரம் போனோம். நிமியா ஜன்னல் ஓரம், நான் நடுவில், சுனில்தா இரண்டு ஸ்லைடையும் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில். நிமியா வழியெல்லாம் எனக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் என்னால்தான் என்று அவளிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “நீங்க கழுவாம வந்திருந்தா, நான் வயித்துல புள்ளை இருக்கறத இன்னும் தெரியாம கூடை தூக்கிட்டிருந்திருப்பேன்” என்றாள். அவள் நல்ல மனசுக்கு அப்படியும் ஒரு கணக்கு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் வயதான அம்மாள். டாக்டர் வெரோனும் பக்கத்தில் நின்றார். சுனில்தா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. “ஒரு தப்பு ஜாடி செஞ்சது. ஒரு தப்பு நான் செஞ்சது,” என்றாள். அந்த அம்மாள் திருகை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு வெரோனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர் பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு எழுந்து போய் நிமியாவிடம் மன்னிப்புக் கேட்டார். அதை அவருடைய நல்ல கணக்கில் எழுதி வைக்கிறேன்.

நிமியாவிடம் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சுத்தம். என்னிடம் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று, ஆனால் ஆரம்பம். நிமியாவுக்கென்று ஒதுக்கியிருந்த வியாழக்கிழமையையும் கட்டிலையும் எனக்குக் கொடுத்தார்கள்.

சுனில்தாவை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த மூன்று மாதமும் என் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். சமையல் கேவலமாக இருக்கும். உப்பு போட்டோமா இல்லையா என்று அவளுக்கு நினைவிருக்காது. நான் திட்டுவேன். அவள் ஆசையாகக் கேட்டுக்கொள்வாள். இனிமேல் தனக்கு நெருங்கியவர், உறவினர் ஸ்லைடை யாரும் படிக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. நாங்கள் இருவரும் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். அதன்படி வருடா வருடம் என் ஸ்லைடு தலைநகரத்துக்குப் போகிறது. பதில் உறை வந்தால் எனக்கு முன்னால் அவள் கிழித்துவிடுகிறாள்.

அந்த முதல் நாள் பத்து ஸ்லைடு முடிந்ததும், பழக்கத்தில் நான் தண்ணீர்க் குடுவைக்குக் கை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே சேற்றிலிருந்து எப்போதோ தேடி எடுத்து வைத்திருந்த அதே கொம்புக் குவளை, விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. அவளே இலைத்தூள் போட்டாள், அவளே ஊற்றினாள். பெரியவள் ஊற்றி சின்னவள் குடிப்பது எங்கள் ஊரில் முறையில்லை. நான் வாங்கிக் குடித்தேன். மறுபடி ஊற்றினாள். நாலாவது சுற்று, ஐந்தாவது, ஆறாவது. வயிறு முட்டியது. அவள் கை நிற்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மனப்பாடம் செய்கிறவள் மாதிரி.

உயிரைத் தந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா என்று என் தங்கை கேட்கிறாள். ஏழு வருடம் ஆகிறது. நிமியாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் சுனில்தாவுக்கு நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஊற்றுவதை நிறுத்திவிடுவாள்.